மேஸ்திரிக்கு விழுந்த ஓட்டு

நஞ்சப்ப மேஸ்திரி தன் கலயத்தைக் கவிழ்த்தார். ஒரே ஒரு புளியங்கொட்டை விழுந்தது.

நிமிர்த்தி உள்ளே பார்த்தார். உலுக்கினார். வேறொன்றும் இல்லை.

பக்கத்தில் கருப்பாத்தாளின் கலயம் கழுத்துவரை நிறைந்திருந்தது.

பீளமேட்டில் அந்த மில்லின் நூல் சுற்றும் ரீலிங் பகுதிக்குப் பதினைந்து வருஷமாக மேஸ்திரிதான் வாய். லீவோ கூலியோ, யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் முதலாளி அறைக்குள் போய் வருவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் திடீரென்று, இனிமேல் தொழிலாளிகளே ஓட்டுப் போட்டு ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த ஆள்தான் உள்ளே வந்து பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஓட்டு என்றால் இரண்டு பேராவது நிற்க வேண்டுமாம். முன்வரிசையில் இருந்த பாவத்துக்குக் கருப்பாத்தாளைப் பிடித்து நிறுத்தினார் குமாஸ்தா. சாக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு கலயம். ஓட்டுப் போட ஆளுக்கொரு புளியங்கொட்டை.

இவளா நமக்குப் போட்டி என்று காலையில் மேஸ்திரி சிரித்தார். நாளையிலிருந்து அந்த அறைக்குள் அவருக்கு வேலை இல்லை.

யாருக்கு என்ன கெடுதல் செய்தோம்? ஒன்றும் பிடிபடவில்லை. வெட்கத்தை விட்டுப் பூவாத்தாளிடம் கேட்டார். அவர் தன் ஊரிலிருந்து கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்தவள் அவள்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்படியும் ஜெயிச்சிருவீங்க. பாவம், அவ கலயம் காலியாக் கெடந்தா நல்லாவா இருக்கும்னு அதுல போட்டுப்போட்டனுங்க."

பாப்பாயியும் அதையே சொன்னாள். அங்கப்பனும் அதையே சொன்னான். கேட்டவர்கள் எல்லோரும் அதையே, அதே மரியாதையோடு சொன்னார்கள். நிஜமாகத்தான் சொல்கிறார்களா, முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல மனம் வராமல் மழுப்புகிறார்களா? மேஸ்திரிக்குத் தலை சுற்றியது.

பொய் என்று திட்டவும் வழியில்லை. அவரும் தன் கொட்டையை அவள் கலயத்தில்தான் போட்டிருந்தார், அதே இரக்கத்தில்.

அப்படியானால் தனக்குப் போட்ட அந்தப் புண்ணியவான் யார்?

கருப்பாத்தாள் முந்தானையை முறுக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை.

"ஏனுங்க மேஸ்திரி, எனக்கு நானே எப்படிங்க போட்டுக்கறது? உங்களுக்குத்தானுங்க போட்டேன். இப்ப இப்படி ஆகிப்போச்சு. நாளைக்கு மொதலாளிகிட்ட என்னன்னு பேசோணுமுங்க? நீங்க உள்ள போனா என்ன பேசுவீங்களோ, அதையே சொல்லிக்குடுங்க. அப்படியே பேசிப்போடறேன்."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சொல்றேன் அம்மணி" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அந்த அறை நினைவுக்கு வந்தது. மேஜை, மின்விசிறி, முதலாளி பேசிய பேச்சு, எல்லாம் வந்தன. தான் பேசியதை மட்டும் தேட வேண்டியிருந்தது.

பதினைந்து வருஷத்தையும் துழாவிப் பார்த்தார். "சரிங்க" என்பதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.