புகை போக வழியில்லை

“இன்ஜினே போச்சு அருளு. வண்டியை இங்கேயே விட்டுட்டு, பஸ் பிடிச்சு வீட்டுக்குத் திரும்பிடலாம்” என்றார் சகாயநாதன்.

“வாயைக் கழுவுங்க! பொண்ணு வீட்ல பத்தரைக்கு எதிர்பார்த்துட்டு இருக்காங்க” என்று கணவரை அடக்கினாள் அருள்செல்வி.

மகன் ஆன்டோவுக்குப் பெண் பார்க்க மூவரும் வேளாங்கண்ணிக்குக் கிளம்பியிருந்தார்கள். திருக்காட்டுப்பள்ளியில் கிளம்பும்போதே முனகிய கார், தஞ்சாவூர் பைபாஸில் சைக்கிள் வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த நெல் லாரி ஹாரன் அடித்தே அவர்களை ஓரங்கட்ட, கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப்பில் நுழைந்திருந்தார்கள்.

ஒர்க்‌ஷாப் நடத்தும் எழில்மொழி பானட்டைத் திறந்தாள். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் குழாய் போன்ற ஒன்றைத் திருகி, அதன் ஒயரைச் சின்னத் திரையொன்றில் சொருகினாள்.

“டிவியெல்லாம் எதுக்கும்மா? பெட்ரோல் பம்பு போயிருக்கும். மாத்த ரெண்டு நாள் ஆகும்னு சொல்லிடு” என்றார் சகாயநாதன்.

“ஏன் சார் குத்துமதிப்பா சொல்லணும்? இது பிரஷர் சென்சார். இன்ஜின் மூச்சு விடுறதை அப்படியே கோடா வரைஞ்சு காட்டிடும்.”

“ஈ.சி.ஜி. மாதிரியா?” அருள்செல்வி ஆர்வமாக எட்டிப் பார்த்தாள்.

“அதேதாம்மா. ஆஸிலோஸ்கோப்னு பேரு.” எழில்மொழி காரை ஸ்டார்ட் செய்தாள். பச்சைக் கோடு மேடும் பள்ளமுமாக ஓடியது. “இங்க பாருங்க. புகையை வெளிய தள்ளுற நேரம் இது. கோடு தரையோட படுத்துக் கிடக்கணும். எந்திரிச்சு நிக்குது. புகை போக வழியில்லாம உள்ளேயே முட்டுது.”

“மெஷின் தப்பாக் காட்டும்.” சகாயநாதன் விடவில்லை.

எழில்மொழி பின்பக்கம் போய், சைலன்சர் குழாய்க்குள் நீளமான கம்பியை விட்டு இழுத்தாள். ஈரச் சாக்கு ஒன்று சுருண்டு வந்து விழுந்தது.

“இது தானாப் போகாதும்மா. யாரோ நல்லாக் குத்தி அடைச்சிருக்காங்க.”

அருள்செல்வி மெதுவாக மகன் பக்கம் திரும்பினாள்.

“மாதா சத்தியமா நான் இல்லம்மா!”

“பின்ன சாக்கு நடந்து வந்து ஏறிக்கிச்சா? பொண்ணு பிடிக்கலைன்னா வாயால சொல்ல வேண்டியதுதானே? அம்மா என்னடா பேயா, பிசாசா?” அவள் குரல் உடைந்தது.

ஆன்டோ தரையைப் பார்த்தான். “சாக்கு நான் வைக்கல. ஆனா... எனக்கு ஜெனிட்டாவைத்தாம்மா பிடிச்சிருக்கு. என் ஆபீஸ்தான். வேதாரண்யம் பொண்ணு. நம்மளை மாதிரி கத்தோலிக்கம் இல்ல, லுத்தரன் சபை.”

எழில்மொழி நைசாக இன்ஜினை அணைத்தாள். இனிமேல்தான் எல்லாம் நன்றாகக் கேட்கும்.

அருள்செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சமைக்கத் தெரியுமா?”

“எனக்குத் தெரியும்மா.”

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வா, பாக்குறேன்.” பெண் வீட்டாரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று முணுமுணுத்தபடி போனோடு வெளியே போனாள்.

ஆன்டோ அப்பாவின் கையைப் பிடித்தான். “நிஜமாவே அதை நான் வைக்கலப்பா.”

“தெரியும்டா.” சகாயநாதன் மனைவி தூரமாகப் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு குனிந்தார். “மூணு மாசமா அந்தப் பொண்ணுகிட்ட மணிக்கணக்கா போன்ல பேசுற, அம்மாகிட்ட மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குற. அதான் காலையில நான் சைலன்சர் வாயை அடைச்சேன்.”