கொல்லை ரூமுக்கு ஒயர்

"சுவத்துல ஓட்டை போட்டீங்கன்னா, நான் கைக்குழந்தையோட எங்க அம்மா ஊட்டுக்குப் போய்டுவேன்!"

வினோதா இப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஏணியில் கால் வைத்த ஒயர்க்காரர் இராமலிங்கம் காலை எடுத்துவிட்டார்.

"இன்னாம்மா பேஜாரு இது? உங்க ஊட்டுக்காரர்தான் வரச் சொன்னாரு. கூடத்துல நெட்டு மோடம் கீது, கொல்லை ரூம் வரைக்கும் ஒரு ஒயர். அவ்ளோதான்."

"மழை பெஞ்சா ஓட்டை வழியா தண்ணி எறங்கும்."

"பைப்ல விட்டுத் தர்றேன்."

"இடி இழுக்கும்."

"கம்பெனிக்கே ஒயர் இழுத்தவன்மா நான். உங்க ஊட்டுக்குத்தான் தேடிக்கினு வந்து இடி விழப்போவுதா?"

நைட் ஷிஃப்ட் முடித்து, இரும்புத் தூசியோடு படுத்திருந்த கணேசன் எழுந்து வந்தான்.

"ஏன்டி கத்துற? கொல்லை ரூம்ல இருக்கறவன் யாரு, என் தம்பிதானே?"

அம்மாவின் கருமாதியன்று அண்ணன் தம்பிக்குள் மூண்ட சண்டை. அன்றைக்கே ஆதி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லையில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ரூமுக்குப் போய்விட்டான். சமையல் தனி. முகம் பார்த்துப் பேசுவது கிடையாது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் அக்கா பூவம்மாளோடு பேச மட்டும், வெள்ளிக்கிழமை சாயந்திரம் கூடத்துக் கம்ப்யூட்டருக்கு வருவான். இப்போது அவனே பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவிட்டான்.

"அவன் ரூம்ல இருந்தே பேசிக்கட்டும். அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றான் கணேசன்.

"கூடாதுன்னா கூடாது."

கொல்லைப் பக்கம் நின்றிருந்த ஆதிக்கு எல்லாம் கேட்டது.

"உடுங்க அண்ணி. ஒரு ஒயர் குடுக்கக்கூட மனசு இல்லைன்னு தெரிஞ்சிபோச்சு. எங்க அம்மா இருந்திருந்தா இப்டி நடக்குமா?"

ராத்திரியெல்லாம் அழுத குழந்தை, இத்தனை சத்தத்திலும் வினோதாவின் தோளில் கண்ணயர்ந்திருந்தது. அதை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

சண்டை போடக் கணேசனுக்குத் தெம்பில்லை. "போய்ட்டு வாங்கண்ணே" என்று இராமலிங்கத்தை அனுப்பிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்தான்.

"மாமியார் இல்லாத ஊட்ல மருமவ வெச்சதுதான் சட்டம்" என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார் இராமலிங்கம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயந்திரம் ஆதி வந்தான். அண்ணியைப் பார்க்காமல் நேரே கூடத்துக்குப் போனான்.

திரையில் பூவம்மாள் முகம் தெரிந்தது.

"எங்கடா பெரியவன்? ஆங், வந்துட்டியா. தள்ளி உக்காராதீங்கடா, ஒருத்தன் மூஞ்சி பாதிதான் தெரியுது. ம்… இப்ப சரி. ரெண்டு பேரும் ஒண்ணா சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டோம்க்கா" என்றான் கணேசன். அவன் கை தம்பியின் தோள்மேல் இருந்தது.

"அண்ணன்தான்க்கா ஊட்டி உட்டாரு" என்று ஆதி சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். கருமாதிக்கு வர முடியாமல்போன அக்காவுக்குச் சண்டை நடந்ததே தெரியாது.

அடுப்படி வாசலில் நின்ற வினோதா, குழந்தையின் காதோடு மெல்லச் சொன்னாள்:

"நான் கஞ்சப்பிசினாறியாவே இருந்துட்டுப் போறேன்டா. ஒயர் அங்க போய்ட்டா, உங்க சித்தப்பா இந்தப் படி ஏறுவாரா?"