ஸ்பீக்கரில் வந்த நடுக்கம்

"கேட்டா நீ வருத்தப்படுவே மைக்கக்கா. சொல்லாம இருக்கவும் மனசு கேக்கல" என்றார் டிரைவர், டீயை ஊதிக்கொண்டே.

"சொல்லுங்கண்ணே."

"நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, உன் கூட்டாளி வெண்கலம் இருக்காளே, மைக்குல உன்னை மாதிரியே நடுங்கி நடுங்கிப் பேசினா. பஸ் ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரிச்சுது."

மைக்கக்காவுக்குக் காதுமடல் சுட்டது.

பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் இரண்டே நாற்காலி. வருகிற வண்டிகளை வெண்கலம் சொல்வாள். கிளம்புகிற வண்டிகளை இவள். சில வருஷமாக இவள் குரலில் நடுக்கம். வாயைத் திறந்தால் குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி போகிற மாதிரி இருக்கும். மாத்திரைக்கெல்லாம் மசியவில்லை. கடைசியில் மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்தார்கள்.

"ஒரு வாரம் பொறுப்பேன். அப்புறமும் உன் குரல் வரலேன்னா, பதிவு பண்ணின குரலைப் போடற மெஷினை வச்சிடுவேன்" என்று சொல்லித்தான் மேனேஜர் லீவு கொடுத்தார். முழங்கால் வலிக்காரர். மாடியை விட்டு இறங்கமாட்டார். ஸ்பீக்கர்தான் அவருக்கு வருகைப் பதிவேடு.

புண் ஆறிய பிறகுதான் கம்பியில் கரண்ட் விடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட, ஒரு வாரம் ஒரு மாதமாக இழுத்துவிட்டது. "மேனேஜர் காலைப் பிடிச்சாவது சொல்லிடுடி" என்று வெண்கலத்திடம் போனில் கெஞ்சியிருந்தாள்.

கரண்ட் கொடுத்த அன்று டாக்டர், "ஏதாவது பேசுங்கம்மா" என்றார்.

அவளுக்கு வேறென்ன வரும்? "பயணிகளின் கவனத்திற்கு..."

டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நாக்கு குழறியது. சற்றே இறக்கினார். 'நான்காவது நடைமேடை' என்பதன் பாதியில் நடுக்கம் நின்றது. வண்டி தார் ரோட்டில் ஏறிவிட்டது.

"எத்தனை மணிக்கும்மா கிளம்புது?" என்று டாக்டர் சிரிக்க, அவள் அழுதுவிட்டாள்.

இன்று காலை முதல் வண்டியை அவள் அறிவித்தபோது வெண்கலம் கட்டிப்பிடித்துக்கொண்டாளே, அத்தனையும் வேஷமா?

விறுவிறுவென்று அறைக்குள் போனாள்.

"ஏண்டி, மைக்குல என்னைப் பேசிக் காட்டினியாமே?"

வெண்கலத்தின் முகம் வெளுத்தது. "மெதுவாக்கா. மேலே கேட்டுடப் போகுது." தொண்டை கட்டிப்போயிருந்தது அவளுக்கு.

"ஊரே கேட்டாச்சு. இனிமே என்ன மெதுவா? லீவு நீளுதுன்னு மேனேஜர்கிட்ட சொன்னியா, அதையாவது?"

"சொல்லலக்கா."

"சொல்லலையா!"

"இரு, சொல்றேன். வண்டி உள்ள வருது" என்று மைக்கைப் போட்டாள் வெண்கலம்.

மைக்கக்கா காத்திருக்கவில்லை. மாடிப்படியில் தடதடவென்று ஏறினாள்.

"சார், வெண்கலத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"அவளை விடு, உட்காரு. உன்னைச் சும்மா சொல்லக்கூடாதும்மா." மேனேஜர் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார். "ஒரு வாரம்னு போனே. சொன்ன தேதிக்கு ஸ்பீக்கர்ல டாண்ணு வந்துட்டே. மெஷின்காரனை அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. "நானா சார்?"

"பின்னே யாரு? அந்த நடுக்கம் வேற யாருக்கு வரும்? ஒரு நாள் விடாம கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். என்ன, ஆபரேஷன் பண்ணியும் குறையலையேன்னு பாவமா இருந்துது. இன்னைக்குக் காலையிலதான் சுத்தமா நின்னுது!"

மைக்கக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கீழே வெண்கலம் கம்மிப்போன குரலில் ஏதோ ஒரு வண்டியை வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

"சரி, அவளைப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே?"

"ஆமா சார். பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ரெண்டு நாள் லீவு கொடுங்க. வர்ற வண்டியையும் நானே சொல்லிடறேன்."