நடுவில் நிற்கும் படகு

புயல் எச்சரிக்கை வந்ததும் மெற்றில்டா வயர்லெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு கோயில் மணிக்கூண்டில் ஏறினாள். வயர்லெஸ் அலை நேராகத்தான் போகும், வளைவது கடல். கடல் முதுகுக்கு அந்தப் பக்கம் கிடந்த புருஷன் சூசையாவுக்கு அவள் குரல் எட்டவில்லை. நடுவழியில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ததேயுவின் படகுக்குத்தான் எட்டியது. அவன் கேட்டு அப்பால் சொல்ல வேண்டும்.

“கூப்பிட்டுட்டே இருக்கேன், மைனி. மறுமொழி இல்ல. அண்ணன் வலை இழுக்காவ போல.”

“இன்னொரு தரம் கூப்பிடு, தம்பி.”

படியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஐந்தாம் தரம் கேட்டபோது அவன் குரலோடு காற்றும் இரைந்தது.

“இங்க காத்து பிடிச்சாச்சு. நான் கரைக்குத் திரும்பினா என் குரலும் அண்ணனுக்கு எட்டாது. நிக்கவா, வரவா? நீங்களே சொல்லுங்க.”

மெற்றில்டா பேசுவதற்காகப் பொத்தானை அமுக்கினாள். கீழே மணலில் ததேயுவின் மனைவி ஜெனோவா, பறக்கும் சேலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கூவினாள்.

“அக்கா, அவிய கெளம்பிட்டாவளா?”

மெற்றில்டா குனிந்து விரலைப் பார்த்தாள். பொத்தான் அமுங்கியே இருந்தது. அந்தக் கேள்வி கடலுக்குப் போய்விட்டது.