நடுவில் நிறுத்தக் கூடாது

காவல் நிலையக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வின் பல மாதங்களாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். "சார், அப்டேட் போடாம வச்சிருந்தா எவனாவது உள்ள புகுந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருவான். கொஞ்ச நேரம் கேமரா ஓடாது, அவ்வளவுதான். ஆனா ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது, எல்லாம் அழிஞ்சிரும்." இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முறையும் "பொறவு பாப்போம்டே" என்பார். இன்று அவரே போன் செய்து கூப்பிட்டார். செல்வின் சந்தோஷமாகக் கிளம்பி வந்தான். வாசலில் ஒரு பெண் ஆண் செருப்பு ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விசாரணைக்கு என்று அவள் கணவனை வெறுங்காலோடு இழுத்து வந்திருந்தார்கள். அப்டேட் தொடங்கியதும் திரையில் கேமராக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. லாக்கப் கட்டம் கடைசியாகக் கறுத்தது. அதுவரை பக்கத்திலேயே நின்ற இன்ஸ்பெக்டர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு லாக்கப் பக்கம் போனார். கதவைச் சாத்திய பிறகும் அலறல் கேட்டது. செல்வின் பாய்ந்து கணினியின் சுவிட்சில் விரலை வைத்தான். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தம்பி, நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?" செல்வின் விரலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. திரையில் பச்சைக் கோடு பாதியைத் தாண்டியபோது அலறல் சட்டென்று நின்றது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். துண்டில் கையைத் துடைத்தபடி வெகுநேரம் திரையையே பார்த்தார். "இன்னும் முடியலியா? அவசரம் ஒண்ணுமில்லடே, மெதுவாவே முடியட்டும்."