கறுப்புக் குளவி

"நம்ம துறைத் தலைவர் மறுபடியும் சுட்டுட்டாரும்மா!" ஆய்வக உதவியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அலமாரிச் சாவியை மேஜை மேலயே வெச்சிட்டா சாப்பிடப் போவாங்க?"

"மறதிதான் அண்ணே," என்றாள் ஆராய்ச்சிக்காரி. அலமாரியில் சிவப்புக் குளவி இருந்த குப்பி அப்படியே இருந்தது. 'மிக முக்கியம்' என்று கொட்டை எழுத்தில் சீட்டு ஒட்டிய கறுப்புக் குளவிக் குப்பியைத்தான் காணோம்.

மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படித்தான். அவள் கண்டுபிடித்த பூச்சியைத் துறைத் தலைவர் தன் பெயரில் கட்டுரையாக்கிவிட்டு, கடைசி வரியில் அவளுக்கு ஒரு நன்றி போட்டார்: 'செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்.' அதை நினைத்தால் இன்றும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை வேலியோரத் துத்திச் செடிகளை வெயிலில் வாரக்கணக்காக அலசியிருந்தாள். பருத்திக்காயைத் துளைக்கிற அதே புழு துத்தியிலும் இருந்தது. சில புழுக்கள் செத்துக் கிடந்தன, பக்கத்தில் அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள். எல்லாம் ஒரே மாதிரிக் கூடுகள்தான். ஆனால் முதல் வாரம் அவற்றிலிருந்து வெளியே வந்த குளவிகள் சிவப்பு, அடுத்த வாரம் வந்தவை கறுப்பு.

அடுத்த மாதக் கூட்டத்தில், வேளாண் அதிகாரிகள் முன்னால், துறைத் தலைவர் திரையில் கறுப்புக் குளவியைக் காட்டினார். "பருத்திக்கு இனிமே இதுதான் காவல்காரன்! இதுக்கு என் பேரையே வைக்கணும்னு எல்லாரும் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

அவள் எழுந்தாள். "நீங்களே வளர்த்துப் பாத்தீங்களா சார்?"

"பின்னே? கூட்டை விட்டு வந்ததை என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"யாரும் உதவி பண்ணலையா?"

"நீதான் தண்ணி ஊத்தினியேம்மா!" அரங்கமே சிரித்தது.

அவளும் சிரித்தாள். பையிலிருந்து சிவப்புக் குளவிக் குப்பியை எடுத்து அதிகாரிகளின் மேஜையில் வைத்தாள்.

"புழுவைக் கொன்னு கூடு கட்டுறது இந்தச் சிவப்பு. சார் காட்டுற கறுப்பு, அந்தக் கூட்டுக்குள்ள முட்டை போட்டு இதை உயிரோட தின்னுட்டு வர்றது. அதை வயல்ல விட்டா புழுவுக்குத்தான் கொண்டாட்டம்."

துறைத் தலைவர் அவசரமாகத் திரையை அணைத்தார். "அப்போ… பேரு…" என்று இழுத்தார் ஓர் அதிகாரி.

"சார் பேரையே வைங்க. அதுக்காகத்தானே சாவியை மேஜை மேல வெச்சிட்டுப் போனேன்!"