மேலாளரின் கார் நிற்கும் இடம்

அங்காடியின் கார் நிறுத்தத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய தளம் இது. மேலாளர் நினைவுப்பலகையின் திரையை விலக்குகிறார்; அதில் பொறித்த படத்தில் வரிசையாகச் சன்னல் வைத்த பயணிகள் விமானம் பளபளக்கிறது. சரியாகத்தான் பார்க்கிறேனா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறேன். சன்னல்களேதான். இங்கிருந்து போய்த் திரும்பாத விமானியின் மகள், எண்பதைத் தாண்டியவர், பூங்கொத்துடன் நிற்கிறார். “குண்டு விமானம்னா சனங்க மிரளுவாங்கம்மா. இது கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குல்ல?” என்று இளிக்கிறார் மேலாளர். “எங்கப்பா என்ன சுற்றுலாவா போனாரு? பூ வைக்க ஓடுபாதைல ஒரு துண்டுகூடவா மிச்சம் இல்ல?” மேலாளரின் பார்வை தன் கார்ப்பக்கம் நழுவுகிறது. அதன் சக்கரங்களுக்கடியில் பழைய கான்கிரீட் வெடித்துக் கிடக்கிறது. மகள் நேரே அங்கே போய் நிற்கிறார். “வண்டிய எடுப்பா.” “அது எனக்குன்னு ஒதுக்கின இடம்மா.” “எங்கப்பாவுக்கு அதுக்கு முன்னாடியே ஒதுக்கிட்டாங்க. எடு.”